வட்டவில் வரைய நூப்ளாட்: ஒரு டியூஷன் வாத்தியாரின் இரண்டு வருட அனுபவம்

நான் ராஜபாளையத்தில் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுப்பவன். பத்தாம் வகுப்பில் இரண்டு பேட்ச், பன்னிரண்டில் ஒன்று. வாராவாரம் தேர்வு உண்டு. வினாத்தாளை நானே தயாரிப்பேன். எழுத்தையும் எண்ணையும் டைப் அடித்துவிடலாம். படம்தான் தொல்லை, அதிலும் வட்டவில் வருகிற படம். பல வருடமாகக் கவராயத்தால் தாளில் வரைந்து, போனில் போட்டோ எடுத்து, வினாத்தாளில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் ஆகி வரும்போது பென்சில் கோடு பாதி மறைந்திருக்கும். போட்டோவில் விழுந்த என் தலை நிழல் மட்டும் தெளிவாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் பழைய லேப்டாப்பில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். கூடவே நூப்ளாட் (gnuplot) என்ற வரைபட மென்பொருளையும் நிறுவிவிட்டு, “சார், கோணத்தை எண்ணா குடுத்தீங்கன்னா வில்லு வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுதும் ஆனது. இலவச மென்பொருள் என்பதால் காசு கொடுத்து வாங்கலாமா என்ற கேள்வியே இல்லை. நேரத்தைக் கொடுக்கலாமா என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நூப்ளாட் பழைய ஆள். 1986-இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது. ஒருவர் வகைக்கெழுச் சமன்பாடும் மற்றவர் மின்காந்தவியலும் படித்துக்கொண்டிருந்தார்கள். பாடத்தில் வரும் சமன்பாடுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒருவர் லாமாப்ளாட் என்றாராம், இன்னொருவர் என்ப்ளாட் என்றாராம். நியூப்ளாட் என்று சமாதானம் ஆனபோது அதே பெயரில் வேறொரு மோசமான நிரல் ஏற்கெனவே இருந்தது தெரியவந்து, சொல்விளையாட்டாக இந்தப் பெயரில் வந்து நின்றார்கள். பெயரைப் பார்த்துவிட்டு இது குனு (GNU) என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பிள்ளை என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் உறவு இல்லை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்; ஒரே ஒரு விலக்கை அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

முதல் நாள் திறந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி, அதன் முனையில் கண் சிமிட்டும் கட்டம். பொத்தான் இல்லை, கவராயப் படம் இல்லை, எலிக்கு வேலையே இல்லை. பையன் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து “செட் ஆப்ஜெக்ட் 1 சர்க்கிள்” என்று தொடங்கி மையம், ஆரம், கோணம் எல்லாம் கொடுத்து என்டர் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. இரண்டாவது முறை தட்டினேன், மூன்றாவது முறையும். நாள் பூராவும் அப்படித்தான். பிறகுதான் புரிந்தது: “செட்” என்பது குறிப்பு எழுதிக்கொள்வது மட்டும்தான், “ப்ளாட்” என்று சொன்னால்தான் அது கையை எடுக்கும். வரைவதற்கு வளைகோடு எதுவும் இல்லாமல் வில் மட்டும் வேண்டும் என்றால், எக்ஸ், ஒய் இரண்டின் எல்லையையும் நாமே கொடுத்துவிட்டு “ப்ளாட் நேன்” என்று ஒன்றுமில்லாத ஒன்றை வரையச் சொல்ல வேண்டும். நேன் என்றால் எண்ணே அல்ல என்று பொருள்; இதை மட்டும் NaN என்று, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பெரியதாக அடிக்க வேண்டும். எண்ணே அல்லாததை வரை, அப்போதுதான் வட்டம் வரும் என்பது வேதாந்தம் மாதிரி இருந்தாலும் வேலை செய்கிறது.

அதற்குள் பொறுமை போய்விட்டதால் நான் வேறு வழியில் இறங்கியிருந்தேன். கணக்கு வாத்தியாருக்கு வட்டத்தின் சமன்பாடு தெரியாதா? எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டினால் 1. ஆக ஒய் என்பது 1-இலிருந்து எக்ஸ் வர்க்கம் கழித்ததன் வர்க்கமூலம். அதை அப்படியே ப்ளாட் செய்யச் சொன்னேன், எக்ஸ் எல்லை -1.5 முதல் 1.5 வரை. அரைவட்டம் வந்தது. ஆனால் அதன் இரண்டு காலும் தரையில் படவில்லை. அச்சுக்கு மேலே அந்தரத்தில் நின்றது, ஸ்டூல் மேல் ஏற்றி வைத்த மாதிரி.

இதற்குக் காரணம் எளிது, ஆனால் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள். நூப்ளாட் வளைகோட்டை வளைகோடாக வரைவதில்லை. எல்லைக்குள் 100 இடங்களில் மதிப்பைக் கண்டு, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. என் எல்லையில் அந்த 100 புள்ளிகளில் ஒன்றுகூடச் சரியாக 1-இல் விழவில்லை. கடைசியாக விழுந்தது 0.985 பக்கத்தில். அங்கே வட்டத்தின் உயரம் 0.17. அதற்கு அடுத்த புள்ளியில் வர்க்கமூலத்துக்குள் குறை எண், மெய்மதிப்பு இல்லை, எனவே வரையவில்லை. ஆரத்தில் ஆறில் ஒரு பங்கு காற்றில் நிற்கிறது. சரி, எல்லையை -1 முதல் 1 வரை என்று மாற்றினேன். கால் தரையைத் தொட்டது. ஆனால் முதல் துண்டு ஒரே தாவலில் 0.2 உயரத்துக்கு ஏறியது, நேர்கோடாக. வட்டம் அந்த முனையில் செங்குத்தாக ஏறும் அல்லவா, எக்ஸில் சிறு அடி வைத்தால் ஒய்யில் பெரிய தாவல்தான். “செட் சாம்பிள்ஸ் 5000” என்று கூட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் மனசுக்கு ஒப்பவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையலகுச் (பாராமெட்ரிக்) சமன்பாடு நடத்திக்கொண்டிருந்த வாரம் அது. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். “செட் பாராமெட்ரிக்” என்று போட்டு, காஸ் டி, சைன் டி என்று இரண்டாகக் கொடுத்தால் டி கோணமாக ஓடும்; புள்ளிகள் வில்லின் மீது சம இடைவெளியில் விழும். “செட் ட்ரேஞ்ச்” என்பதில் தொடக்கக் கோணம், முடிவுக் கோணம். 100 புள்ளிகளில் அரைவட்டம் 99 நேர்த்துண்டுகளாகிறது. 5 செ.மீ. ஆரத்துக்கு, துண்டின் நடுவில் உண்மையான வட்டத்திலிருந்து விலகல் 0.006 மி.மீ. நம் பென்சில் முனையைவிடப் பல மடங்கு மெல்லியது. இந்த வழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ரேடியனைத் தவிர.

டி-யை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். பாகையில் கொடுக்க “செட் ஆங்கிள்ஸ் டிகிரீஸ்” என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நான் அதைச் சொன்னேன், ட்ரேஞ்சைச் சொல்ல மறந்துவிட்டேன். கேட்காவிட்டால் அது -5 முதல் 5 வரை எடுத்துக்கொள்ளும். ரேடியனில் அது முழு வட்டத்துக்கும் மேலே, பாகையில் வெறும் பத்தே பாகை. அந்தப் பத்துப் பாகைத் துணுக்கைத் திரை முழுக்க இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. பார்த்தால் பக்கவாட்டில் படுத்த பரவளையம். வட்டத்தைக் கேட்டால் பரவளையம் தருகிறதே என்று மென்பொருளைத் திட்டிக்கொண்டு தூங்கப் போனேன். காலையில் அச்சில் இருந்த எண்களைப் படித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது: எக்ஸ் 0.996-இலிருந்து 1 வரை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை வாங்கிக்கொண்டதே பத்தாம் வகுப்பு வடிவியலுக்காக. அடிப்பக்கம், உச்சிக்கோணம், குத்துயரம் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கு. அடிப்பக்கம் ஏபி 6 செ.மீ., உச்சி சி, உச்சிக்கோணம் 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். உச்சி எங்கே இருந்தாலும் அது ஒரு வட்டவில்லின் மீதுதான் இருக்கும். ஆரம் என்பது 6-ஐ இரண்டு மடங்கு சைன் 60-ஆல் வகுத்தது, 3.464. மையம் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு மேலே 1.732-இல். ஏ-யை ஆதியில் வைத்தால் மையம் 3, 1.732. வில் -30 பாகையில் பி-யில் தொடங்கி இடஞ்சுழியாக 210 பாகையில் ஏ-யில் முடியும். மொத்தம் 240 பாகை.

இதற்கு ஆப்ஜெக்ட் வழிதான் சுகம். “செட் ஆப்ஜெக்ட் 1 சர்க்கிள் அட் 3,1.732 சைஸ் 3.464 ஆர்க் [-30:210] நோவெட்ஜ்”. ஒரே வரி. கோணம் இங்கே எப்போதும் பாகைதான், “செட் ஆங்கிள்ஸ்” பற்றிக் கவலை இல்லை. திசையும் எப்போதும் இடஞ்சுழிதான். தலைகீழாக 210 முதல் -30 என்று கொடுத்தால் கீழே உள்ள மீதி 120 பாகையை வரையும். அந்த நோவெட்ஜ் என்ற சொல்லை விட்டுவிட்டால் இரண்டு முனையிலிருந்தும் மையத்துக்குக் கோடு இழுத்து வட்டக்கோணப்பகுதி ஆக்கிவிடும். பரப்பளவுக் கணக்குக்கு அது வசதி. நமக்கு இங்கே வேண்டாம்.

இதை வைத்து முதல் வினாத்தாள் தயாரித்தேன். முக்கோணத்தின் மூன்று பக்கமும் வேறு வரிகளில் கோடாகக் கொடுத்தேன். குத்துயரம் 4. திரையில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது, கோடு கூர்மை, எழுத்து கூர்மை. அறுபது பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், சி வட்டத்து மேலயே இல்லையே” என்றாள். பார்த்தேன். சி வில்லுக்கு உள்ளே, கொஞ்சம் கீழே தனியாக நின்றது. வில்லின் இரண்டு முனைகளும் ஏ, பி-யில் முடியாமல் அடிப்பக்கத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிய தப்பு என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நான் கோட்டின் கூர்மையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

இதில் நூப்ளாட்டின் தவறு இல்லை, ஆனால் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி இது. படத்தின் அளவு இயல்பாக 640-க்கு 480 புள்ளி. எக்ஸ் எல்லை 8 அலகு, ஒய் எல்லை 7 அலகு என்று நான் கொடுத்திருந்தேன். ஆக எக்ஸில் ஓர் அலகு சுமார் 72 புள்ளி அகலம், ஒய்யில் ஓர் அலகு சுமார் 61 புள்ளி உயரம்தான். சர்க்கிள் என்று கேட்டால் நூப்ளாட் எந்த நிலையிலும் உண்மையான வட்டமாகவே வரையும். அச்சுகள் சமமில்லை என்றால் கிடையச்சின் அளவை வைத்து ஆரத்தைக் கணக்கிட்டுவிடும். என் வில் 72 புள்ளிக்கு ஓர் அலகு என்று எல்லாத் திசையிலும் விரிந்தது. என் முக்கோணமோ உயரத்தில் 61-ஆகச் சுருங்கிக் கிடந்தது. ஒன்று மாறாத வட்டம், மற்றது அமுங்கிய முக்கோணம். எப்படிச் சேரும்?

அதே வில்லைப் பாராமெட்ரிக்கில் வரைந்திருந்தால் வில்லும் முக்கோணத்தோடு சேர்ந்து அமுங்கியிருக்கும். சி வில்லின் மீது இருக்கும், ஆனால் வில் நீள்வட்டத் துண்டாக இருக்கும். கோணமானி வைத்தால் 60 வராது. ஆக ஆப்ஜெக்ட் என்பது தாளுக்கு விசுவாசம், பாராமெட்ரிக் என்பது அச்சுக்கு விசுவாசம். இரண்டு பேரும் ஒத்துப்போக ஒரே வழி “செட் சைஸ் ரேஷியோ -1”. எக்ஸின் ஓர் அலகும் ஒய்யின் ஓர் அலகும் தாளில் ஒரே நீளமாகிவிடும். குறை ஒன்று என்பது பார்க்க விசித்திரமாக இருக்கிறது. வெறும் 1 என்று கொடுத்தால் சட்டம் சதுரமாகுமே தவிர அலகுகள் சமமாகாது. இந்த வரியை இப்போது எல்லாக் கோப்பிலும் முதல் வரியாகப் போட்டு வைத்திருக்கிறேன், பிள்ளையார் சுழி மாதிரி.

அந்தப் பெண்ணுக்கு அன்று ஒரு பேனா கொடுத்தேன்.

இதே படம் என்னுடைய இன்னொரு பழைய தப்பையும் காட்டிக்கொடுத்தது. முன்பெல்லாம் குத்துயரத்தை மனம்போன எண்ணாக மாற்றி மாற்றிக் கொடுப்பேன். இந்தக் கோப்பில் குத்துயரத்தை ஒரு மாறியாக வைத்து, அந்த உயரத்தில் ஒரு புள்ளிக்கோடு இழுத்து, அது வில்லை வெட்டும் இடத்தில் சி-யை வைக்கும்படி எழுதினேன். ஒரு நாள் 5.5 என்று கொடுத்தேன். புள்ளிக்கோடு வில்லுக்கு மேலே, எதையும் தொடாமல் போனது. வில்லின் உச்சி 1.732-உம் 3.464-உம் சேர்ந்து 5.196-தான். அதற்கு மேல் முக்கோணமே கிடையாது. பழைய ஃபைலைப் புரட்டினால், இதே 6, 60, 5.5 கணக்கை மூன்று வருடத்துக்கு முன்னால் தேர்வில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வராத முக்கோணத்தை வரவைத்து மார்க் வாங்கினார்களோ, நானும் எப்படித் திருத்தினேனோ.

அளவு விஷயத்தில் நூப்ளாட்டுக்கு முழு மார்க். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளந்தால் 6 செ.மீ. தாளிலும் 6 செ.மீ. இருக்க வேண்டும். “செட் டெர்மினல் பிடிஎஃப்கைரோ சைஸ் 10செமீ,10செமீ” என்று தாளின் அளவைச் சென்டிமீட்டரிலேயே சொல்லலாம் (டெர்மினல் என்பது படம் எந்த வகைக் கோப்பாக வர வேண்டும் என்று சொல்வது; செமீ இடத்தில் ஆங்கில சுருக்கம்). பிறகு நான்கு ஓரங்களையும் திரையின் 0.1, 0.9 இடங்களில் நிறுத்தினால் நடுவில் சரியாக 8 செ.மீ. கிடைக்கும். எக்ஸ், ஒய் இரண்டுக்கும் -1 முதல் 7 வரை 8 அலகு. ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர், முடிந்தது. அச்சடிக்கும் கடையில் மட்டும் கவனம் வேண்டும். முதல் முறை தாளுக்குப் பொருந்தும்படி என்ற அமைப்பிலேயே அடித்துவிட்டார்கள், 6 செ.மீ. 5.8 ஆகி வந்தது. நூறு சதவீத அளவு என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழ் எழுத்து பற்றியும் சொல்ல வேண்டும், இதை எங்கும் தேடிக் கிடைக்காமல் நானே தடவிக் கண்டது. சாதா பிஎன்ஜி டெர்மினலில் தமிழில் பெயரிட்டால் என்னிடம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்தது. கோணம் என்று எழுதினால் குதறிப்போட்ட மாதிரி வந்தது. பிஎன்ஜிகைரோ, பிடிஎஃப்கைரோ என்று கைரோ சேர்ந்த டெர்மினல்களில் எழுத்தைக் கோத்துத் தரும் வேலையைப் பாங்கோ என்ற நூலகம் பார்த்துக்கொள்கிறது. அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டால் மையக்கோணம், நாண், வட்டத்துண்டு எல்லாம் ஒழுங்காக விழுகின்றன.

பட்டறைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி கிரில் பட்டறை வைத்திருக்கிறான். போன வருடம் ஒரு தோட்ட வீட்டுக்கு 12 அடி அகல வாசல், மேலே ஸ்கொயர் பைப்பில் வளைவு, நடுவில் ஒன்றரை அடி எழும்ப வேண்டும். சாதாரணமாக அவன் தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, சாக்பீஸால் வில் போட்டு, பைப்பை வளைத்து அதன்மேல் வைத்துப் பார்ப்பான். இந்த முறை ஆரம் என்ன என்று என்னைக் கேட்டான். அகலத்தின் வர்க்கத்தை எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்து, எழுச்சியில் பாதியைக் கூட்டு. 144-ஐ 12-ஆல் வகுத்தால் 12, கூட்ட 0.75. ஆரம் 12.75 அடி. மையம் வாசல் மட்டத்துக்கு 11.25 அடி கீழே.

“அத்தான், மையம் ரோட்ல போய் விழுது” என்றான். பட்டறையின் ஆழம் அவ்வளவு இல்லை. ஆணியை ரோட்டில் அடித்தால் நூலின் நடுவில் டவுன் பஸ் போகும்.

அப்போதுதான் நூப்ளாட்டில் படமே வரையாமல் வேலை வாங்கினேன். “செட் டேபிள்” என்றால் படத்துக்குப் பதிலாகப் புள்ளிகளை எண்ணாக ஒரு கோப்பில் எழுதிவிடும். எக்ஸ் எல்லை -6 முதல் 6, “செட் சாம்பிள்ஸ் 13”. அதாவது அடிக்கு ஒரு புள்ளி. வில் இங்கே தட்டையானது, முனையில் செங்குத்து இல்லை, அதனால் நான் முன்பு திட்டிய வர்க்கமூலச் சமன்பாடே போதும். அங்குலத்தில் வந்ததை நூல் கணக்குக்கு மாற்றி, பட்டறை ஆட்களுக்கு எட்டு நூல் ஓர் அங்குலம், தாளில் எழுதிக் கொடுத்தேன். நடுவில் 18 அங்குலம். நடுவிலிருந்து ஓர் அடி தள்ளி 17 அங்குலம் 4 நூல், இரண்டடியில் 16 அங்குலம் 1 நூல், மூன்றடியில் 13 அங்குலம் ஐந்தரை நூல், நான்கடியில் 10 அங்குலம் 2 நூல், ஐந்தடியில் 5 அங்குலம் 6 நூல், ஆறடியில் பூஜ்யம். தரையில் 12 அடி நேர்கோடு, அதில் அடிக்கு அடி குத்துக்கோடு, முனைகளைச் சேர்த்து வளைத்து ஒரு கோடு. மையமே தேவைப்படவில்லை. வில்லின் நீளம் 12 அடி 6 அங்குலம் என்பதையும் சொல்லிவிட்டதால் பைப்பை எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற யோசனையும் இல்லை. வளைவு ஏறி நின்றுவிட்டது. என் பத்தாம் வகுப்புப் படங்கள் எதற்கும் வராத பெருமை எனக்கு அந்த வாசலில் வந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை விழுங்கிவிடும். விட்டம் 5 என்று ஆரத்துக்கு 5/2 என்று எழுதினேன், 2 என்று எடுத்துக்கொண்டு சின்ன வட்டமாக வரைந்தது. 5.0/2 என்று எழுத வேண்டும். ஆசிரியர்கள் இதில் நிச்சயம் மாட்டுவார்கள், ஏனென்றால் நாம் பின்னத்தைப் பின்னமாகவே எழுதிப் பழகியவர்கள். மூன்று புள்ளி கொடுத்து அவற்றின் வழியே வில் வரை என்று கேட்க வழி இல்லை. மையத்தை நாமே கண்டு கொடுக்க வேண்டும். சுழற்சித் திசையைக் காட்ட வில்லின் முனையில் அம்புக்குறி போடவும் ஆர்க் கட்டளையில் இடமில்லை. முனையில் ஒரு குட்டி அம்பைத் தனியே ஒட்டி ஏமாற்றுகிறேன். பெரிதாக்கிப் பார்த்தால் வில்லும் சிறு நேர்கோடுகளின் தொகுப்புதான். தாளில் தெரியாது, வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும் ஆள் யோசித்துக்கொள்ளலாம்.

மற்றவற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஜியோஜீப்ராவில் மூன்று புள்ளியைத் தட்டினால் வில் தயார், மையத்தையும் இரண்டு புள்ளியையும் தட்டினாலும் வில். மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது, பள்ளிக்கூடத்தை மனதில் வைத்துச் செய்தது. வகுப்பில் திரையில் காட்டி, சி-யை வில்லின்மீது இழுத்து, 60 மாறாமல் இருப்பதைக் காட்டுவதற்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஒரே ஒரு படம் வேண்டும் என்பவர் நூப்ளாட் பக்கம் வரவே வேண்டாம், அங்கேயே போய்விடுங்கள். பைத்தான் நிரல்மொழியின் வரைபட நூலகமான மேட்ப்ளாட்லிபில் ஆர்க் என்று இருக்கிறது. ஆனால் ஆரம் கேட்காது; அகலம், உயரம் என்று முழு விட்டத்தைக் கேட்கும், அந்த வில்லுக்குள் வண்ணமும் நிரப்ப முடியாது. லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் டிக்ஸ் என்ற வரைதல் தொகுப்பை வைத்து வரைபவர்களின் படம்தான் அச்சில் கண்ணைப் பறிக்கிறது. அங்கே கொடுக்கும் புள்ளி வில்லின் மையம் அல்ல, வில் தொடங்கும் இடம். நான் மையம் என்று நினைத்துக் கொடுத்து என் வில்களெல்லாம் பக்கத்து வீட்டில் போய் விழுந்தன. ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன்.

என் வேலை ஒரே படத்தை எண் மாற்றி எண் மாற்றி நாற்பது முறை வரைவது. அதற்கு நூப்ளாட்டை விடச் சரியான ஆளை நான் பார்க்கவில்லை. அடிப்பக்கம், கோணம், உயரம் என்று மூன்று எண் மேலே. மையம், ஆரம், தொடக்கம், முடிவு எல்லாம் அதிலிருந்து தானே வரும். ஒரு “டூ ஃபார்” வளையத்தில் போட்டால் நாற்பது பிடிஎஃப் ஒரு மூச்சில் வந்துவிடுகிறது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத முடியாதபடி ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு எண். வட்ட விளக்கப்படம் வேண்டும் என்றால் “வித் சர்க்கிள்ஸ்” என்ற வகைக்கு மையத்தின் இரண்டு எண், ஆரம், தொடக்கக் கோணம், முடிவுக் கோணம் என்று ஐந்து நெடுவரிசை கொடுத்தால் போதும். 2023 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பில் “வித் செக்டார்ஸ்” என்று வளையத் துண்டுக்கே தனி வகை வந்திருக்கிறது. என் லேப்டாப்பில் இருப்பது அதற்கு முந்தையது, ஆகவே அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. “ஹெல்ப்” என்று அடித்துப் பெயரைச் சொன்னால் விளக்கம் அங்கேயே விரிகிறது. ஆங்கிலம் வறண்டது, ஆனால் நான் விழுந்த குழிகளில் முக்கால்வாசி அதில் முன்பே எழுதியிருக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது அந்த முதல் நாள் வெற்றுத் திரைக்காக.

நேற்று மைத்துனன் மறுபடி போன் பண்ணினான். அதே 12 அடி, அதே ஒன்றரை அடி, ஆனால் இந்த முறை வீட்டுக்காரருக்கு வட்ட வளைவு வேண்டாமாம், ஓவல் வேண்டுமாம். எலிப்ஸ் ஆப்ஜெக்டில் போட்டுப் பார்த்தேன். சர்க்கிளுக்கு இருக்கும் ஆர்க் என்ற சொல்லை எலிப்ஸ் ஏற்றுக்கொள்வதில்லை, முழுசாகத்தான் வரையும். திரும்பப் பாராமெட்ரிக்குக்கே வந்தேன்: 6 காஸ் டி, 1.5 சைன் டி, டி 0 முதல் 180. டேபிளை எடுத்து நூல் கணக்காக்கி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். முனையில் இது செங்குத்தாக ஏறும், அங்கே மட்டும் புள்ளியை நெருக்கமாகப் போடு என்று கீழே எழுதினேன். இன்னும் நீல டிக் வரவில்லை.